கேட்டலும் ஒட்டுக்கேட்டலும்

தமிழில் ‘கேள்’ என்பது இரு தொழில்களை ஒருங்கே சுட்டும் சொல். செவியால் ஒலியை ஏற்பதும் கேட்டல். வாயால் வினாவை எழுப்புவதும் கேட்டல். ஆசிரியர் சொல்வதை மாணவன் கேட்கிறான்; விளங்காததை அவ்வாசிரியரிடமே கேட்கிறான். முன்னது இன்றிப் பின்னது பிறவாது. பின்னது இன்றி முன்னது நிறைவுறாது. இவ்விரண்டையும் ஒரு சொல்லுக்குள் அடக்கிய மொழி, முதற்பாதியை மட்டும் திருட்டுத்தனமாகச் செய்வதற்கு வேறொரு பெயர் வைத்தது. அதுவே ஒட்டுக்கேட்டல். சுவரோரம் ஒட்டி நின்று கேட்பவனுக்குச் செவி உண்டு, வாய் இல்லை. கேட்டது மெய்தானா என்று அவனால் வினவ இயலாது. வினவினால் அவன் நின்ற இடம் வெளிப்பட்டுவிடும்.

இக்காலத்தில் அந்தச் சுவரும் வேண்டியதில்லை. ஸ்கேனர் என்று வழங்கும் அலைதேடும் கருவியை வைத்துக்கொண்டு, ஊர்க் காவல்துறை எந்த அலைவரிசையில் பேசுகிறது என்று துழாவிக் கண்டுபிடித்து, இரவெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பதை ஒரு பொழுதுபோக்கு என்றும், ஓர் உரிமை என்றும், அதற்கும் மேலாக ஒரு குடிமைத் தொண்டு என்றும் போற்றுவோர் உளர். அவர்கள் அறிவிலிகள் அல்லர். அவர்களுடைய வாதங்களிலும் சில மணிகள் உண்டு. ஆயினும் மணியையும் பதரையும் ஒரே முறத்தில் வைத்து விற்பதை ஏற்க முடியாது. புடைத்துப் பார்ப்பது தமிழ் கற்பிப்போர் கடமை. ஏனெனில் இதில் கெடுவது கருவியன்று. கேட்டல் என்னும் பண்பு.

கருவி வந்த வழி

காவல்துறை வானொலியின் கதை ஏறத்தாழ நூறாண்டுக் கதை. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரக் காவல்துறை 1920களின் தொடக்கத்திலேயே இதில் முயன்றது. 1928 ஏப்ரலில் ரோந்து வண்டிகளுக்குச் செய்தி அனுப்பும் முறையை நிலைநிறுத்தியது. அன்று நிலையத்திலிருந்து வண்டிக்குச் செய்தி போகும். வண்டியிலிருந்து மறுமொழி வாராது. வீட்டு வானொலிப் பெட்டியின் குமிழைச் சற்றே திருப்பியவர் எவரும் அதைக் கேட்கலாம். பின்னர் இருவழிப் பேச்சு வந்தது. அதன்பின், பல அலைவரிசைகளைத் தானே மாறிமாறித் துழாவி, பேச்சு எழுந்த இடத்தில் நிற்கும் ஸ்கேனர் கருவி 1970களில் கடைகளுக்கு வந்தது. 2012ஐ ஒட்டி, தொலைக்காட்சி அலையை வாங்குவதற்கென்று செய்யப்பட்ட விரலளவுத் துண்டு ஒன்றைக் கணினியில் செருகி, அதையே பல்லாயிரம் அலைவரிசைகளைத் தேடும் கருவியாக்கும் வழியைப் பலர் கற்றனர். ஒரு சோடிக் காலணியின் விலையில் அத்துண்டு கிடைக்கிறது. ஈப்போவில் இருப்பவனுக்கு எட்டுவது சுங்காயில் இருப்பவனுக்கும் எட்டுகிறது.

இக்கருவி மாயம் எதுவும் செய்வதில்லை. மிகை அதிர்வெண் அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்பவை. மலையும் மேடும் அவற்றைத் தடுக்கும். ஆகவே உயரமான குன்றின்மேல் நிலையம் வைத்து, வந்த அலையை வாங்கி மீண்டும் வலுவாக வீசுவர். அவ்வீச்சுக்குள் நிற்கும் எந்த அலைவாங்கியும் அதைப் பெறும். பழைய முறையில் பேச்சு மறைக்கப்படவில்லை. அலைவரிசை எண் தெரிந்தால் போதும். புதிய முறையோ வேறு. ஐரோப்பாவில் வகுக்கப்பட்ட டெட்ரா என்னும் எண்ணியல் முறையில் குரல் எண்களாக மாற்றப்படுகிறது. ஒரே அலைவரிசை நான்கு காலத்துண்டுகளாகப் பகுக்கப்பட்டு நான்கு பேச்சுகளைச் சுமக்கிறது. வேண்டுமானால் அதன்மேல் மறையீட்டுப் பூட்டும் போடப்படுகிறது. மலேசியாவில் அரசுத் துறைகளுக்கென அமைந்த ஒருங்கிணைந்த வானொலி வலையமைப்பு இந்த டெட்ரா முறையைத் தழுவியது. ஆகவே பழைய நாள்போலக் குமிழைத் திருப்பிக் கேட்கலாம் என்பது பெரும்பாலும் கனவே. ஆனால் கனவின் மேலும் ஆசை வளரும். பூட்டைக் கண்டால் திறவுகோல் தேடும் கை உண்டு. அக்கைக்கு நியாயம் கற்பிக்கும் வாதங்களே இங்கே ஆராயத் தக்கவை.

காற்று பொதுவாம்

முதல் வாதம் இது: வானவெளி எவருடைய சொத்தும் அன்று, அலை என் வீட்டுக்குள் தானே வந்து விழுகிறது, வந்து விழுந்ததைக் கேட்பது எப்படிக் குற்றமாகும்?

இதற்கு விடை பேராக்கின் பழைய ரப்பர்த் தோட்டங்களிலேயே இருக்கிறது. அந்நாளில் தமிழகத்திலிருந்து வரும் கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்கு வந்து, பின்னரே லயங்களுக்குச் சென்றன. கடிதம் கிராணியின் மேசைமேல் வந்து விழுந்தது. வந்து விழுந்தது என்பதற்காக அவர் அதைப் பிரித்துப் படித்து, பெருமாள் வீட்டுக் கடன் இவ்வளவு, முனியம்மாள் வீட்டுச் சண்டை இன்னது என்று மாலையில் கடைத்தெருவில் சொல்லியிருந்தால், பால்மரம் சீவிய அந்த எளிய மக்கள் அதை உரிமை என்று ஒப்பியிருப்பார்களா? பாதை பொது, மேசை பொது, உறைக்குள் இருக்கும் சொல் பொதுவன்று. சொல்லுக்கு உரியவர் அதைச் சொன்னவரும், யாருக்குச் சொன்னாரோ அவரும் ஆவர். அலை உறையைப் போன்றது. உறை மெல்லியது என்பதால் உள்ளிருக்கும் மடலின் உரிமை மாறிவிடாது.

சட்டமும் அவ்வாறே கூறுகிறது. மலேசியாவின் 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 234ஆம் பிரிவு, சட்டப்படியான அதிகாரமின்றி ஒரு தொடர்பை இடைமறித்தலையும், இடைமறித்துப் பெற்றதை வெளியிடுதலையும், அதைப் பயன்படுத்துதலையும் தனித்தனியே தடுக்கிறது. அச்சட்டம் இயற்றப்பட்டபோது அதற்கு விதித்த தண்டனை 50,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். விளையாட்டாகத் தொடங்கும் பதினேழு வயது மாணவன் இப்பிரிவின் எண்ணைக்கூட அறியான். அறியாமை அவனைக் காப்பாற்றாது. ‘எல்லாரும் கேட்கிறார்கள்’ என்று அவனுக்குக் கருவி விற்றவரும் அவன் பக்கத்தில் நின்று அபராதம் கட்டப் போவதில்லை.

அமெரிக்காவில் இது குற்றமன்றே என்பர். உண்மைதான். அந்நாட்டின் 1986ஆம் ஆண்டுக் கூட்டரசுச் சட்டம், மறைக்கப்படாமல் பொதுவில் எளிதாக எட்டும் காவல்துறைப் பேச்சைக் கேட்பதற்கு இடங்கொடுத்தது. ஆனால் ஒரு நாட்டின் சட்டத்தை வாதத்துக்கு இழுத்து வருவோர், அச்சட்டம் கண்ட விளைவையும் உடன் இழுத்து வர வேண்டும். அதைப் பின்னர்க் காண்க.

சிபில் கார்த்திகேசுவின் பெயரால்

இரண்டாம் வாதம் பேராக் மக்களின் உள்ளத்தைத் தொடுவது. ஜப்பானியர் காலத்தில் தடைசெய்யப்பட்ட வானொலியைக் கேட்டவர் சிபில் கார்த்திகேசு. அவரை வீராங்கனை என்று போற்றும் ஊரில், வானொலி கேட்கும் இளைஞனைக் குற்றவாளி என்பதா என்று வினவுவர்.

அப்பெருமாட்டியின் வரலாற்றை அறிந்தோர் இவ்வாறு வினவார். 1899இல் சுமத்திராவின் மேடான் நகரில் பிறந்த யுரேசியப் பெண்மணி அவர். யாழ்ப்பாணத் தமிழ் மரபினரான மருத்துவர் ஏ. சி. கார்த்திகேசுவை மணந்து, ஈப்போவில் கணவருடன் மருத்துவமனை நடத்தியவர். 1941 டிசம்பரில் ஜப்பானியர் படை நெருங்கியபோது குடும்பம் பாப்பான் என்னும் சிற்றூருக்குப் பெயர்ந்தது. அங்கே அவர் காட்டிலிருந்த எதிர்ப்புப் படையினருக்கு மறைவாக மருத்துவம் செய்தார். சிற்றலை வானொலிப் பெட்டியை மறைத்து வைத்து, இலண்டன் பிபிசியின் செய்தியைக் கேட்டு, நம்பிக்கை இழந்திருந்த மக்களுக்குச் சொன்னார். அவ்வானொலிக்கு அவர்கள் வைத்த மறைபெயர் ஜோசபின். 1943இல் கைதானார். ஜப்பானிய இராணுவக் காவற்படையான கெம்பெய்தாய் அவரைக் கொடுமைப்படுத்தியது; அவருடைய சிறு மகளைக் கொண்டும் மிரட்டியது. அவர் தம் தோழரைக் காட்டிக்கொடுக்கவில்லை. போர் முடிந்தபின் சிகிச்சைக்காகப் பிரிட்டன் சென்றார். ஜார்ஜ் பதக்கம் பெற்றார். 1948 ஜூனில் இறந்தார். மறு ஆண்டு அவருடல் ஈப்போவுக்குக் கொண்டுவரப்பட்டு அடக்கஞ் செய்யப்பட்டது.

இவ்வரலாற்றில் மூன்று செய்திகள் கவனிக்கத் தக்கவை. முதலாவது, அவர் கேட்டது ஒலிபரப்பு. உலகோர் அனைவரும் கேட்க வேண்டும் என்றே இலண்டனிலிருந்து அது வீசப்பட்டது. கேட்கக் கூடாது என்று தடுத்தவன்தான் இடையில் வந்தவன். காவலர் ஒருவர் மற்றொரு காவலரிடம் பேசும் பேச்சு அத்தகையதன்று. அங்கே இடையில் வருபவன் ஒட்டுக்கேட்பவனே. இரண்டாவது, அவர் கேட்டதால் எளியவர் எவருக்கும் கேடு விளையவில்லை. கேட்டின் பெரும்பங்கு அவர் தலையிலேயே விழுந்தது. ஸ்கேனர் வைத்திருப்பவனுக்கோ பொழுது போகிறது. பெயர் கெடுவது பிறருக்கு. மூன்றாவது, அவர் தாம் செய்ததற்கு விலை கொடுக்க அணியமாய் இருந்தார். படுக்கையில் சாய்ந்துகொண்டு கேட்கும் சுவைஞன் அப்பெயரைத் தன் கேடயமாக ஏந்துவது, அவர் பட்ட துன்பத்தை அவமதிப்பதாகும்.

சுங்காய்க்கு அண்மையிலுள்ள தாப்பா, பீடோர் வட்டாரத்து மலைக்காட்டிலும் அக்காலத்து வானொலிக் கதை ஒன்று உண்டு. பிரிட்டிஷாரின் படைப்பிரிவு 136ஐச் சேர்ந்தோர் அங்கே ஒளிந்திருந்தனர். வெளியுலகத்தோடு வானொலித் தொடர்பு கிட்டுவதற்கு அவர்கள் 1945 தொடக்கம்வரை காத்திருக்க நேர்ந்தது. அவர்களுள் ஒருவரான லிம் போ செங் 1944இல் பிடிபட்டு, பத்து காஜாவில் சிறையிலேயே மாண்டார். ஒரு செய்தி உரியவரைச் சேர்வதும், உரியவரல்லாதார் செவியில் விழுவதும் உயிரோடு தொடர்புடையவை என்பதைப் பேராக் மண் அன்றே கற்றது.

காவலரைக் காவல் செய்வது யார்?

மூன்றாவது வாதமே வலிமையுடையது. அதை எள்ளி நகையாடித் தள்ளிவிட முடியாது. காவல்துறை மக்களின் ஊழியன். ஊழியன் தவறு செய்தால் மக்களுக்குத் தெரிய வேண்டும். தடுப்புக்காவலில் இறந்தோருள் தமிழர் பெயர்களும் உண்டு. கதவுக்குள் நடப்பதை எவரும் சொல்லாதபோது காதை வைத்துத்தான் அறிய வேண்டும் என்பது அவ்வாதம்.

இதில் பாதி உண்மை. தடுப்புக்காவல் மரணம் என்னும் துயரம் மலேசியத் தமிழ்க் குடும்பங்களைச் சுட்டிருக்கிறது. 2009இல் அத்தகைய ஒரு மரணம் நாடு முழுவதையும் உலுக்கியது. காவல்துறையின் போக்கை ஆராய 2004இல் அமைக்கப்பட்ட அரச விசாரணை ஆணையம், 2005இல் 125 பரிந்துரைகளை வழங்கியது. சுயேச்சையான மேற்பார்வை அமைப்பு வேண்டும் என்பது அவற்றுள் தலையாயது. அதன்பின் பல ஆண்டு இழுபறிக்குப் பிறகு, 2022ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அமைந்த சுயேச்சைக் காவல்துறை நடத்தை ஆணையம் 2023 ஜூலையில் இயங்கத் தொடங்கியது. முதலில் கேட்டது கிடைக்கவில்லை; கிடைத்ததன் அதிகாரம் போதாது என்று வழக்கறிஞரும் மனித உரிமை அமைப்பினரும் குறை கூறினர். அக்குறையைப் பொய் என்று கூறத் துணிவார் யார்?

ஆனால் இவ்வளவும் எவ்வாறு நடந்தது? தாய்மார் கேட்டார்கள். வழக்கறிஞர் நீதிமன்றத்தில் கேட்டனர். மரண விசாரணை அதிகாரியின்முன் சான்றுகளைக் கேட்டுப் பெற்றனர். இரண்டாம் பிரேதப் பரிசோதனை வேண்டும் என்று வாய்திறந்து, பெயர் சொல்லி, முகங்காட்டிக் கேட்டனர். அவர்கள் கேட்டது வினாவாய் எழுந்தது. ஆகவே அதற்கு விடை சொல்லும் கடமையும் எதிரே எழுந்தது. ஒட்டுக்கேட்பவன் வினவ முடியாதவன். காவலர் ஒருவர் வானொலியில் தகாத சொல் பேசியதை அவன் கேட்டான் எனக் கொள்க. அதை எந்த அவையில் சொல்வான்? சொன்னால் தானே குற்றம் செய்ததை ஒப்ப வேண்டும். சொல்லாவிட்டால் கேட்டதனால் பயனில்லை. இறுதியில் அவன் செய்யக் கூடியது ஒன்றே: பெயரில்லாமல் புலனத்தில் பரப்புதல். அது காவலைக் காவல் செய்தலன்று. வதந்திக்குத் தீனி போடுதல்.

மேலும், காவல் நிலையத்தின் மூடிய அறையில் நடக்கும் கொடுமை அலைவரிசையில் வருவதில்லை. வானொலியில் வருவது வண்டி எண், தெருப்பெயர், அடையாள அட்டை எண், அழைத்தவர் பெயர். ஆகவே ஆற்றல் உடையவனின் குற்றத்தைத் தேடிச் சென்ற செவிக்குக் கிடைப்பது ஆற்றல் இல்லாதவனின் துயரமே. தன் வீட்டில் கணவன் அடிக்கிறான் என்று அழைத்த பெண்ணின் முகவரி கிடைக்கிறது. காணாமற்போன பிள்ளையின் பெயர் கிடைக்கிறது. ஐயத்தின்பேரில் நிறுத்தப்பட்ட இளைஞனின் அடையாள எண் கிடைக்கிறது. காவலரை வேவு பார்க்கப் புறப்பட்டவன் தன் அண்டை வீட்டை வேவு பார்த்துத் திரும்புகிறான்.

பாஸ்டன் காட்டிய படிப்பினை

அமெரிக்கச் சட்டம் கண்ட விளைவு இங்கே நினைக்கத் தக்கது. 2013 ஏப்ரல் 15இல் பாஸ்டன் நகர நெடுந்தொலை ஓட்டப் பந்தயத்தில் குண்டுகள் வெடித்தன. மூவர் மாண்டனர், நூற்றுக்கணக்கானோர் காயமுற்றனர். காவல்துறை குற்றவாளிகளைத் தேடியபோது, ஆயிரக்கணக்கானோர் இணையத்தின் வழியாகக் காவல்துறை வானொலியை உடனுக்குடன் கேட்டனர்; கேட்டதை உடனுக்குடன் எழுதினர். அதிகாரிகள் எங்கே நிற்கின்றனர் என்பதை வெளியிட்டு அவர்கள் உயிருக்கு ஊறு செய்ய வேண்டா என்று காவல்துறையே வேண்டிக்கொள்ள நேர்ந்தது.

ஏப்ரல் 19 நள்ளிரவைக் கடந்த வேளையில் ஒரு பெயர் பரவியது. காவல்துறை வானொலியில் சந்தேக நபரின் பெயர் சொல்லப்பட்டது என்று எவரோ எழுத, அதைப் பல்லாயிரவர் மறுபடியும் எழுதினர். அப்பெயர் ஒரு மாதமாகக் காணாமற்போயிருந்த இந்திய வம்சாவளி மாணவர் ஒருவருடையது. மகனைத் தேடிக் கண்ணீர் வடித்துக்கொண்டிருந்த குடும்பத்தின்மேல் வசைமாரி பொழிந்தது. அவரைத் தேடுவதற்காகக் குடும்பத்தார் தொடங்கிய இணையப் பக்கத்தையே மூட வேண்டியதாயிற்று. பொழுது விடிந்தபோது உண்மைக் குற்றவாளிகள் வேறு இருவர் என்பது உறுதியாயிற்று. நான்கு நாள் கழித்து அம்மாணவரின் உடல் பிராவிடன்ஸ் நகர ஆற்றில் கிடைத்தது. குண்டுவெடிப்போடு அவருக்கு எள்ளளவும் தொடர்பில்லை. பின்னர் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தோர், அவர் பெயர் அந்த வானொலியில் சொல்லப்பட்டதற்கே சான்று காணவில்லை.

கேட்காத பெயரைக் கேட்டதாகச் சொல்ல வைத்தது எது? ஒட்டுக்கேட்டலின் இயல்பே அதுதான். அரைகுறை ஒலி, இரைச்சல், குறியீட்டுச் சொற்கள், நடுவில் அறுபடும் வாக்கியம். இவற்றின் இடைவெளியை மனம் தன் விருப்பத்தால் நிரப்புகிறது. நேரே கேட்பவன் ‘மறுபடி சொல்லுங்கள்’ என்பான். ஒட்டுக்கேட்பவன் தானே சொல்லிக்கொள்வான். பாஸ்டன் பெருநகரம், அங்கேயே ஒரு குடும்பம் நொறுங்கியது. சுங்காய் எத்தகைய ஊர்? கடைத்தெருவின் ஒரு முனையில் தும்மினால் மறுமுனையில் நலம் விசாரிக்கும் ஊர். ஒரு வண்டி எண்ணைச் சொன்னால் அது யார் மகன் வண்டி என்று தெரியும். இரவில் சாலைத் தடுப்பில் ஓர் இளைஞன் நிறுத்தப்பட்டு, ஆராயப்பட்டு, குற்றமில்லை என்று அனுப்பப்பட்டான் எனக் கொள்க. நிறுத்தப்பட்டதைக் கேட்டவன், அனுப்பப்பட்டதைக் கேட்கும்வரை காத்திருப்பானா? விடிவதற்குள் புலனக் குழுவில் பெயர் ஏறும். அவனுக்கு வேலை கொடுக்க இருந்தவர் தயங்குவார். அவன் தங்கைக்குப் பெண்கேட்க வர இருந்தவர் வாரார். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயங்களை விட்டு வெளியேறிய மக்கள் தங்களோடு கொண்டுவந்த சொத்து பெரிதாக ஒன்றுமில்லை. நல்ல பெயர் ஒன்றே கொண்டுவந்தனர். அதையும் ஓர் இரவுப் பொழுதுபோக்குக்கு விலையாக வைப்பதா?

பாதுகாப்பு என்னும் சாக்கு

நான்காவது வாதம் விரைவில் முடியக் கூடியது. கொள்ளை எங்கே, விபத்து எங்கே, தடுப்புச் சோதனை எங்கே என்று முன்கூட்டித் தெரிந்தால் மக்களுக்குப் பாதுகாப்பு என்பர். தடுப்புச் சோதனை எங்கே என்று அறிய விரும்புவோர் யார்? உரிமமும் சாலை வரியும் ஒழுங்காய் வைத்திருப்பவருக்கு அத்தகவல் வேண்டியதில்லை. குடித்துவிட்டு வண்டி ஓட்டுபவனுக்கே அது வேண்டும். விபத்து நடந்த இடத்தை அறிந்து விரைவோருள், கைகொடுக்கச் செல்பவர் சிலர். கைப்பேசியில் படம் பிடிக்கச் செல்பவர் பலர். உண்மையில் ஆபத்து நேர்ந்தால் அழைக்க 999 இருக்கிறது. உதவி அழைப்பது குடிமகன் கடமை. பிறர் அழைத்த உதவியை வேடிக்கை பார்ப்பது கடமையன்று.

அறிவியல் என்னும் நல்வாதம்

ஐந்தாவது வாதம் உண்மையில் மணி. வானொலி ஓர் அரிய அறிவியல். அலைவரிசைகளைத் தேடும்போது மாணவன் மின்னியலும் கணிதமும் கற்கிறான். அந்த ஆர்வத்தை அடக்குவது அறிவுக்கு எதிரானது என்பர். முற்றிலும் உண்மை. ஆனால் அந்த ஆர்வத்துக்கு ஒட்டுக்கேட்டல் ஒன்றுதான் வழியா?

மலேசியாவில் தொடர்பு, பல்லூடக ஆணையம் அமெச்சூர் வானொலிக்கு உரிமம் வழங்குகிறது. தேர்வு எழுதி வென்றவர் தமக்கென அழைப்புக் குறி பெறுவார். தீபகற்பத்தில் 9எம்2, 9டபிள்யூ2 என்று தொடங்கும் குறிகள் அவை. உரிமம் பெற்றவர் கேட்பதோடு நில்லாமல் பேசவும் செய்யலாம். அங்கே கேட்டலின் இரு பாதியும் ஒன்றுசேர்கின்றன. உலகின் மறுகோடியில் இருப்பவனை நோக்கி ‘என் குரல் கேட்கிறதா’ என்று வினவலாம்; அவனும் மறுமொழி சொல்வான். அனைத்துலக விண்வெளி நிலையத்திலிருந்து விண்வெளி வீரர்கள் பள்ளி மாணவர்களோடு பேசும் திட்டமும் உண்டு. அவர்கள் குரல் 145.800 மெகாஹெர்ட்ஸில் பூமிக்கு வருகிறது. கேட்க வேண்டும் என்றே அனுப்பப்படும் குரல் அது. சுங்காய் மாணவன் ஒருவன் எளிய அலைவாங்கியோடு பள்ளித் திடலில் நின்று, நானூறு கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் மனிதரின் குரலைக் கேட்டான் என்றால், அவன் பெறும் வியப்பின்முன் ரோந்து வண்டியின் முணுமுணுப்பு எம்மாத்திரம்?

பூட்டைத் திறக்கும் அறிவுக்கும் நேர்மையான வழி உண்டு. நெதர்லாந்தைச் சேர்ந்த மிட்நைட் புளூ என்னும் ஆய்வு நிறுவனத்தார் டெட்ரா முறையின் மறையீட்டில் ஐந்து குறைகளைக் கண்டறிந்தனர். அவற்றுள் ஒன்று, 80 பிட் வலிமை உடையது என்று கூறப்பட்ட ஒரு திறவுகோல் உள்ளுக்குள் 32 பிட்டாகக் குறைக்கப்பட்டிருந்தது என்பது. சாதாரணக் கணினியே அதை விரைவில் உடைத்துவிடும். அவர்கள் அதைக் கொண்டு காவலர் பேச்சைக் கேட்டுக் களிக்கவில்லை. 2021இல் தம் நாட்டு இணையப் பாதுகாப்பு மையத்துக்கு அறிவித்து, குறையைத் திருத்த அவகாசம் கொடுத்து, 2023இல்தான் உலகுக்கு வெளியிட்டனர். பூட்டுப் பழுது என்று வீட்டாருக்குச் சொல்பவன் அறிஞன். பழுதை அறிந்து நள்ளிரவில் நுழைபவன் வேறு. கருவியும் திறமையும் இருவருக்கும் ஒன்றே. வேறுபடுத்துவது பண்பு ஒன்றுதான்.

வள்ளுவர் வகுத்த எல்லை

திருக்குறளில் கேள்வி என்று ஓர் அதிகாரம் உண்டு. ஒற்றாடல் என்றும் ஓர் அதிகாரம் உண்டு. முன்னது 42ஆவது, பின்னது 59ஆவது. இரண்டும் செவியின் தொழிலே. ஆயினும் அவற்றை வள்ளுவர் கலக்கவில்லை. ஒற்று ஆட்சியின் கருவி. ஆள்வோன் அதை எவ்வளவு கவனமாகக் கையாள வேண்டும், ஓர் ஒற்றன் சொன்னதை மற்றோர் ஒற்றனைக் கொண்டு எவ்வாறு சரிபார்க்க வேண்டும் என்பதெல்லாம் அங்கே பேசப்படுகின்றன. சரிபார்க்கப்படாத ஒற்றுச் செய்தியை வள்ளுவர் செய்தியாகவே ஏற்கவில்லை. மன்னரைச் சேர்ந்தொழுகல் என்னும் 70ஆவது அதிகாரத்திலோ, ஆள்வோர் மறைவாகப் பேசும்போது காதுகொடாமலும் துருவாமலும் இருந்து, அவர் தாமே வெளியிடும்போது கேட்க வேண்டும் என்னும் நெறி கூறப்படுகிறது.

அது மன்னர் காலத்து நெறி. இது மக்களாட்சிக் காலம் என்று மறுப்பார் மறுக்கலாம். மறுப்பு நேரியதே. மக்களாட்சியில் ஆள்வோர் தாமே வெளியிடும்வரை வாய்பொத்தி நிற்க வேண்டியதில்லை. வெளியிடு என்று கேட்கும் உரிமை குடிமகனுக்கு வந்திருக்கிறது. அந்த உரிமையைத்தான் பயன்படுத்த வேண்டும். சிலாங்கூரும் பினாங்கும் தகவல் அறியும் சுதந்திரத்துக்கென மாநிலச் சட்டங்களை முறையே 2011, 2010ஆம் ஆண்டுகளின் சட்டங்களாக இயற்றின. பேராக்கிலும் அத்தகைய சட்டம் வேண்டும் என்று கேட்கட்டும். சிக்காகோ நகரம் 2022 முதல் தன் காவல்துறைப் பேச்சை மறையீடு செய்யத் தொடங்கியபோது, முப்பது நிமிடத் தாமதத்தோடு மக்கள் கேட்பதற்கு வழி வைத்தது. செய்தியாளர் அதுவும் போதாது என்றனர். நியூயார்க் 2023இல் மறையீட்டைத் தொடங்கியபோதும் அவ்வாறே எதிர்த்தனர். அது நேர்மையான போராட்டம். அவர்கள் பகலில், பெயர் சொல்லிக் கேட்கிறார்கள். அத்தகைய கேள்வியை மலேசியத் தமிழர் எழுப்பினால் அது பெருமை.

காவல்துறைக்கும் இங்கே ஒரு சொல் உரியது. கதவை அடைத்துவிட்டு மௌனம் காப்பவனே ஒட்டுக்கேட்பவனை உண்டாக்குகிறான். குடும்பத்தாருக்கு உண்மையை உடனே சொல்லும் நிலையம், கேட்ட கேள்விக்கு எழுத்தில் விடை தரும் அதிகாரி, தவறு நேர்ந்தால் மறைக்காத துறை: இவை இருக்குமிடத்தில் ஸ்கேனருக்கு வேலை குறையும். மறையீட்டுப் பூட்டு குரலைக் காக்கலாம். நம்பிக்கையைக் காப்பது வெளிப்படை ஒன்றே. பேச்சைப் பூட்டும் உரிமை காவல்துறைக்கு உண்டு. பொறுப்பைப் பூட்டும் உரிமை இல்லை.

ஆசிரியர் செய்யத் தக்கது

தமிழ்ப் பள்ளியின் வகுப்பறையில் இது தொடங்க வேண்டும். கேட்டல், பேச்சு, வாசிப்பு, எழுத்து என்று மொழித்திறன்களை வரிசைப்படுத்தும்போது கேட்டலே முதலில் வைக்கப்படுகிறது. ஆயினும் தேர்வில் அதற்கு மதிப்பெண் குறைவு என்பதால் வகுப்பில் அதற்கு நேரமும் குறைவு. கேட்கத் தெரியாத மாணவன் ஒட்டுக்கேட்கிறான். வினவ அஞ்சும் மாணவன் வதந்தியை நம்புகிறான். ‘வாயை மூடிக் கேள்’ என்று பழக்கிய வகுப்பறை, கேட்டலின் இரண்டாம் பாதியைத் தானே வெட்டி எறிகிறது. அவ்வாறு வளர்ந்த பிள்ளை நாளை காவல் நிலையத்தில் தன் உரிமையைக் கேட்க நாவெழாமல் நிற்பான். வீட்டுக்கு வந்து கதவடைத்துக்கொண்டு கருவியை முடுக்குவான்.

ஆகவே மாணவனிடமிருந்து கருவியைப் பிடுங்குவது தீர்வாகாது. அவனுக்கு உரிமத் தேர்வின் வழியைக் காட்டுக. விண்ணிலிருந்து வரும் குரலைக் கேட்கச் செய்க. பாப்பானில் ஜோசபின் என்னும் பெட்டியருகே அமர்ந்திருந்த அந்த அம்மையார், யாருக்காகக் கேட்டார், என்ன விலை கொடுத்தார் என்பதைச் சொல்லுக. பின்னர், நகராண்மைக்கோ காவல் நிலையத்துக்கோ சட்டமன்ற உறுப்பினருக்கோ, தன் பெயரும் முகவரியும் இட்டு, ஒரு கேள்வியைத் தெளிவாக எழுதக் கற்பிக்க. அம்மடலின் கீழே கையெழுத்திடும் மாணவன், நூறு அலைவரிசைகளை மறைந்திருந்து கேட்டவனைக் காட்டிலும் காவலுக்குக் காவலாவான். ஏனெனில் அவன் கேட்டுவிட்டான். இனி விடை சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்.